பதினேழாம் துண்டு

கச்சான் காற்று மட்டக்கோலை ஆட்டுகிறது.
நேராய்ப் பிடி என்கிறார் தெவரப்பெரும,
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.
பழைய கருவி. அதற்குள் நான் தலைகீழ்.

கப்பல்துறைக்கு மேற்கே நூற்றிருபது ஏக்கர்.
நாற்பத்திரண்டு துண்டு, இரண்டு வீதி,
ஒரு பெயர்ப்பலகை: பசுமைக் கைத்தொழிற்பேட்டை.
பலகைக்கு இடம்விடத் தறித்த வீரையின்
அடிக்கட்டையில் இருந்துதான்
மத்தியானச் சோறு.

நாடா இழுப்பவன் முஸம்மில், கிண்ணியா.
கட்டை அடிக்கும்போதெல்லாம் சிரிப்பான்.
சின்னனில் எங்களுக்குப் பழக்கியது
சிவப்புக் கட்டை கண்டால் நில்,
வந்த காலடியிலேயே கால்வைத்துத் திரும்பு.
இப்போது நாங்களே அடிக்கிறோம்
அதே சிவப்பு, அதே உயரம்,
நாளொன்றுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு.
சுத்தியல் இறங்கும் கணத்தில்
இருவருமே ஒருதரம் கண்ணை மூடுகிறோம்.

என் தங்கை சுகிர்தா
கட்டுநாயக்காவில் கொலர் தைக்கிறாள். கொலர் மட்டும்.
ஆறு வருடத்தில் ஒரு முழுச் சட்டை
அவள் கையால் முடிந்ததில்லை.
இரவு பஸ்ஸில் வந்து
மகனுக்குப் பக்கத்தில் ஒரு பகல் தூங்கி
இரவு பஸ்ஸில் போவாள்.
அவன் என்னை அம்மா என்கிறான்,
அவளைச் சுகி என்கிறான்.
"இங்க ஒரு மெசின் போட்டாங்களெண்டா
சைக்கிளில போவன்" என்றாள் போனமுறை.
சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே இந்தப் பேட்டைக்கு நான் எதிரியில்லை.
அதை இங்கே எழுதிவிட்டே மிச்சத்தை எழுதுகிறேன்.

பதினேழில் கோலை ஊன்றினேன்.
நிலம் ஒரு மீற்றர் பத்து இறங்கியிருந்தது.
வெடிப்புக்குள் நத்தை ஓடுகள்,
சுட்ட செங்கல்லாய் எருமைக் குளம்புக் குழிகள்.
பள்ளம், நிரப்பலாம் என்றார் அவர்.
வரைபடத்தில் பதினேழு:
கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி.

பள்ளமில்லை சேர், மோட்டை.
மார்கழியில் வந்து நில்லுங்கோ, இடுப்பளவு.
நிரம்பினால் தெற்கே வழியும்,
போக்குக்குள், பிறகு களப்புக்குள்,
முஸம்மிலின் உம்மா இறால் வடிக்கிற இடத்துக்குள்.
மாரிக்குத் தொட்டியும் ஒன்று, மோட்டையும் ஒன்று.

அவர் தொப்பியைக் கழற்றித் தலை துடைத்தார்.
ஆவணியில் நின்றுகொண்டு
மார்கழியை எங்கே பதிவது?
கள ஏட்டில் அதற்குக் கட்டமில்லை.
குறிப்பு என்று ஓர் ஒடுங்கிய நிரல், விரலகலம்.
தன் பென்சிலை நீட்டினார்.
தமிழிலா?
தமிழில் எழுது, கீழே நான் சிங்களத்தில் எழுதுகிறேன்.

மழைகாலத்தில் நீர் நிற்கும்.
தொட்டியை முப்பத்தொன்றுக்கு மாற்றினால் உயரம் போதும்.
குழாய் நானூறு மீற்றர் கூடும்.
செலவையும் எழுதினேன்.
செலவில்லாத குறிப்பை
மேலே யாரும் வாசிப்பதில்லை.

புரட்டாதி முடிய புதுப்படம் வந்தது.
பதினேழைச் சுற்றி ஒரு நீலக்கோடு,
உள்ளே ஒன்றுமில்லை.
முஸம்மில் என் முதுகில் ஒன்று போட்டான்,
பிளேன்டீ வாங்கித் தந்தான்.
தெவரப்பெரும தன் கையெழுத்தைக் காட்டினார்,
என்னுடையது இல்லை, அது பரவாயில்லை.

பிறகுதான் முப்பத்தொன்றைப் பார்த்தேன்.
தொட்டி அங்கே இருந்தது.
முன்பு அங்கே என்ன இருந்ததென்று
பழைய படத்தை விரித்தேன்:
வேலைசெய்யும் தாய்மாரின்
பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்.

புதுப்படத்தில் அது எங்கேயென்று
ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டுவரை
விரல்வைத்துத் தேடினேன்.
மறுபடி நாற்பத்திரண்டிலிருந்து ஒன்றுவரை.

பென்சிலை அவர் திருப்பிக் கேட்கவில்லை.
நாளை வடக்கெல்லை அளவு.
ஏட்டில் இன்னும் பதினொரு பக்கமிருக்கிறது,
ஒவ்வொன்றிலும் விரலகலம்.